டொமைன் கன்ட்ரோலரை இழந்த கிளஸ்டர்: மீட்பது எப்படி?

2017 ஜூன் 27. மும்பைக்கு எதிர்க்கரையில், நவசேவாவில் இருக்கும் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையம் அப்படியே நின்றுபோனது. கேட்வே டெர்மினல்ஸ் இந்தியா என்ற அந்த முனையத்தில் கிரேன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்தப் பெட்டி யாருடையது, எந்தக் கப்பலில் ஏற வேண்டும், எந்த லாரிக்கு எதைக் கொடுக்கலாம் என்று சொல்ல வேண்டிய கம்ப்யூட்டர்கள்தான் செத்துக் கிடந்தன. முனையத்தை நடத்தியது டென்மார்க்கின் மெர்ஸ்க் குழுமம். உலகம் முழுக்க அந்தக் குழுமத்துக்கு இருந்த 76 முனையங்களில் 17 அன்று இதே கதிக்கு வந்தன.

காரணம் நாட்பெட்யா என்ற வைரஸ். உக்ரைனில் கணக்கு எழுதப் பயன்படும் எம்.இ.டாக் என்ற மென்பொருளின் அப்டேட் வழியாக அது உள்ளே வந்தது. மெர்ஸ்க்கின் ஒடேசா அலுவலகத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் அந்த மென்பொருள் இருந்தது. அது போதுமாக இருந்தது. ஆனால் நான் இங்கே எழுத வந்தது வைரஸைப் பற்றி அல்ல. அழிந்த சர்வர்களில் பெரும்பாலானவற்றுக்கு மெர்ஸ்க்கிடம் பேக்கப் இருந்தது, மூன்று நாள் முதல் ஏழு நாள் வரை பழையதாக. இருந்தும் அவற்றை எழுப்ப வழியில்லை. டொமைன் கன்ட்ரோலர் என்ற ஒரு வகை சர்வருக்கு மட்டும் பேக்கப் எடுத்து வைக்கவில்லை. அது இல்லாமல் மற்ற பேக்கப்புகள் எல்லாம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இதை ஏன் பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்தில் உட்கார்ந்து பேச வேண்டும்? நமக்குத் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம், அதை ஒட்டி எண்ணூர்க் காமராசர் துறைமுகம். மேற்கே ஏரியைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி, கும்மிடிப்பூண்டி சிப்காட். காட்டுப்பள்ளி விரிவாக்கத்தை எதிர்த்து நம் குப்பங்கள் நடத்தும் போராட்டம் வேறு. அதை இதில் கலக்கவில்லை. ஆனால் படகில் ஏறாமல் பாலிடெக்னிக், கம்ப்யூட்டர் படிப்பு என்று போன நம் பிள்ளைகள் சிலர் இன்று இப்படிப்பட்ட இடங்களில் இரவு ஷிப்டில் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் திரையில் சிவப்பு எரிந்தால் முதலில் எழுப்பப்படுவது அவர்கள்தான். அவர்களுக்காகவும், அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்கும் வீட்டாருக்காகவும் இந்த விளக்கம்.

டொமைன் கன்ட்ரோலர் என்றால் என்ன என்பதை நம் ஏரியிலிருந்தே சொல்லலாம். பழவேற்காட்டு ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊருக்கும் பாடு உரிமை, அதாவது முறை வைத்து மீன்பிடிக்கும் உரிமை, உண்டு. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் நினைத்தவர் நினைத்த நேரத்தில் வலை போட முடியாது. யார் ஊரில் பேர் சேர்ந்தவர், எந்தக் குழுவுக்கு எந்த இடம், எந்த நாள் முறை என்பது சீட்டுப் போட்டு முடிவாகி, சுற்றில் வரும். தண்ணீரில் இறங்கும் ஒவ்வொருவரும் அந்த முடிவை நம்பித்தான் இறங்குகிறார்கள். இப்போது அந்தப் பட்டியலும் தொலைந்து, அதை நினைவில் வைத்திருந்த பெரியவர்களும் ஒரே நாளில் இல்லாமல் போனார்கள் என்று வையுங்கள். ஏரியும் படகும் வலையும் அப்படியே இருக்கும். ஆனாலும் யாரும் இறங்க முடியாது. இறங்கினால் சண்டை.

ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் வலையமைப்பில் அந்தப் பட்டியலை வைத்திருப்பதும், கேட்டவுடன் சரிபார்த்துச் சொல்வதும் டொமைன் கன்ட்ரோலர். வேலை செய்கிறவர்கள் சுருக்கமாக டி.சி. என்பார்கள். மைக்ரோசாஃப்ட் 2000ஆம் ஆண்டு விண்டோஸ் 2000 சர்வருடன் கொண்டுவந்த ஆக்டிவ் டைரக்டரி என்ற பதிவேடு இதற்குள் இருக்கிறது. ஊழியர்களின் பெயரும் பாஸ்வேர்டும் மட்டுமல்ல, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும், ஒவ்வொரு சர்வருக்கும் அதில் தனிக் கணக்கு உண்டு. நீங்கள் காலையில் லாகின் செய்யும்போது டி.சி. உங்களைச் சரிபார்த்து ஒரு டிக்கெட் கொடுக்கிறது. கெர்பரோஸ் என்று அந்த முறைக்குப் பெயர். வழக்கமான அமைப்பில் அந்த டிக்கெட் பத்து மணி நேரம் செல்லும். அதைக் காட்டித்தான் ஃபைல் சர்வர், பிரிண்டர், டேட்டாபேஸ் எல்லாவற்றிலும் நுழைகிறீர்கள். எந்தப் பெயருக்கு எந்த ஐ.பி. முகவரி என்று சொல்லும் டி.என்.எஸ். வேலையையும் பெரும்பாலான அலுவலகங்களில் டி.சி.யே பார்க்கிறது. ஆகவே டி.சி. விழுந்தால் இரண்டு அடி சேர்ந்து விழும். ஒருவரையொருவர் கண்டுபிடிக்கவும் முடியாது, கண்டுபிடித்தாலும் நம்பவும் முடியாது.

அடுத்தது கிளஸ்டர். இரண்டோ அதற்கு மேலோ சர்வர்களைச் சேர்த்துக் கட்டி, ஒன்று விழுந்தால் இன்னொன்று அதே வேலையை எடுத்துக்கொள்ளும்படி வைப்பதுதான் ஃபெயில்ஓவர் கிளஸ்டர். அதில் உள்ள ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு. நோடுகளுக்குப் பொதுவாக ஒரு டிஸ்க் இருக்கும். அதில் மெய்நிகர் சர்வர்கள், அதாவது வி.எம்.கள், ஃபைல்களாகக் கிடக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு நோடுகள் தெரியாது, கிளஸ்டரின் பெயர் மட்டும் தெரியும். அந்தப் பெயருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு கம்ப்யூட்டர் கணக்கு உண்டு, அதற்கும் பாஸ்வேர்டு உண்டு. மனிதர் யாரும் அந்தப் பாஸ்வேர்டை அறிய மாட்டார்கள். கிளஸ்டரே வைத்துக்கொள்கிறது, கிளஸ்டரே மாற்றிக்கொள்கிறது.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. பணம் மிச்சம் என்றும், தனி மெஷின் எதற்கு என்றும் நினைத்து, பல நிறுவனங்கள் டி.சி.யையும் வி.எம். ஆக்கி, இதே கிளஸ்டருக்குள் வைத்துவிடுகின்றன. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்வரை எந்தக் குறையும் தெரியாது. மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், வடசென்னையிலும் அதன் புறநகர்களிலும் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அப்படி ஒரு வாரம் வந்தால்தான் தெரியும். யு.பி.எஸ். தீரும், டீசல் தீரும், எல்லா நோடுகளும் அணையும். மின்சாரம் வந்து நோடுகள் எழும்போது, கிளஸ்டர் சர்வீஸ் தன்னைச் சரிபார்க்க டி.சி.யைத் தேடும். டி.சி.யோ கிளஸ்டருக்குள் வி.எம். ஆக உறங்குகிறது. கிளஸ்டர் எழாமல் டி.சி. எழாது, டி.சி. எழாமல் கிளஸ்டர் எழாது.

விண்டோஸ் சர்வர் 2008, 2008 ஆர்2 பதிப்புகளில் இது முழு முடக்கமாகவே இருந்தது. 2012 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் இதைச் சரிசெய்தது: நோடுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒவ்வொரு நோடிலும் ஒரு லோக்கல் கணக்கைத் தானே உருவாக்கிக்கொள்ளும், டி.சி. இல்லாமலே கிளஸ்டர் எழுந்து, உள்ளே இருக்கும் டி.சி. வி.எம்.ஐ எழுப்பிவிடும். ஆனால் இதை நம்பி நிம்மதியாகத் தூங்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். வி.எம். ஃபைல்கள் நோடுகளின் பொது டிஸ்க்கில் இல்லாமல் வேறொரு ஃபைல் சர்வரின் ஷேரில் இருந்தால், அந்த ஷேருக்குள் நுழைய மறுபடி டி.சி. வேண்டும். டொமைன் கணக்கில் ஓடும் எஸ்.க்யூ.எல். சர்வர் டி.சி. வரும்வரை எழாது. கிளஸ்டரை நிர்வகிக்க நீங்கள் லாகின் செய்வதே டொமைன் கணக்கில் என்றால், அதுவும் சந்தேகம்தான்.

இப்போது மெர்ஸ்க்குக்குத் திரும்புவோம், ஏனென்றால் அவர்களின் தவறு இதைவிட நுட்பமானது. அவர்களிடம் டி.சி. ஒன்றல்ல, உலகெங்கும் சுமார் 150 இருந்தன. ஒன்றில் மாற்றம் செய்தால் அது மற்றவற்றுக்கும் போய்ச் சேரும். ரெப்ளிகேஷன் என்று அதற்குப் பெயர். ஒன்று எரிந்தாலும் 149 இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்பது அவர்களின் கணக்கு. தீ, வெள்ளம், டிஸ்க் பழுது எதற்கும் அந்தக் கணக்கு சரி. எல்லா டி.சி.யையும் ஒரே நேரத்தில் துடைக்கும் ஒன்றுக்கு மட்டும் அது சரியில்லை. நாட்பெட்யா நெட்வொர்க்கில் ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு, கண்ணில்பட்ட பாஸ்வேர்டுகளைத் திருடிக்கொண்டே தாவியது. டி.சி.கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் எல்லாம் போயின.

இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் நகரில் மீட்பு மையம் அமைத்து, கடைகளில் கிடைத்த லேப்டாப்புகளை எல்லாம் வாங்கிக் குவித்து, நூற்றுக்கணக்கானவர்கள் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். மற்ற சர்வர்களின் பேக்கப்புகளைக் கண்டுபிடித்தார்கள். டி.சி.யின் பேக்கப் எங்கும் இல்லை. உலகெங்கும் உள்ள சர்வர் அறைகளுக்குப் பதற்றத்தோடு போன் போட்டபோது, கடைசியில் ஒன்று அகப்பட்டது, கானாவில். வைரஸ் பரவுவதற்குச் சற்று முன் அங்கே மின்சாரம் போயிருந்தது. டி.சி. நெட்வொர்க்கிலிருந்து விலகி, அணைந்து கிடந்தது. ஆகவே தப்பித்தது.

அதற்குப் பிறகு நடந்தது, 2018இல் வயர்டு இதழில் ஆண்டி கிரீன்பெர்க் எழுதிய நீண்ட கட்டுரையால் உலகுக்குத் தெரியும். பல நூறு ஜிகாபைட் தரவை கானாவிலிருந்து இணையத்தில் அனுப்ப நாள்கணக்கில் ஆகும். அங்கே இணைப்பு அவ்வளவு மெலிது. டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஆளை விமானத்தில் ஏற்றலாம் என்றால், அந்த அலுவலகத்தில் யாருக்கும் பிரிட்டிஷ் விசா இல்லை. கடைசியில் கானா அலுவலக ஊழியர் ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொரு மெர்ஸ்க் ஊழியரிடம் டிஸ்க்கைக் கொடுத்தார். அவர் அதை லண்டன் ஹீத்ரோவுக்குக் கொண்டுபோனார். மெர்ஸ்க்கின் மீட்பு அந்த ஒரு டிஸ்க்கிலிருந்து தொடங்கியது. பத்து நாளில் 4,000 சர்வர்கள், 45,000 கம்ப்யூட்டர்கள், 2,500 அப்ளிகேஷன்கள் மறுபடி நிறுவப்பட்டன என்று 2018 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் அந்தக் குழுமத்தின் தலைவர் ஜிம் ஹேகமன் ஸ்நாபே சொன்னார். இழப்பு 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரை. ஆக்டிவ் டைரக்டரியை மீட்க மட்டும் ஒன்பது நாள் ஆனதென்றும், அது 24 மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை என்றும் நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஆண்டி பவல் 2019இல் பேசினார்.

ஒரு மின்வெட்டு காப்பாற்றியதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் அதை இப்படிப் பார்க்கிறேன்: அந்த டி.சி.யைக் காத்தது அது துண்டிக்கப்பட்டிருந்தது என்ற ஒரே காரணம். துண்டிக்கப்பட்ட ஒரு பிரதியை வேண்டுமென்றே, வாராவாரம் உருவாக்குவதுதான் பேக்கப்.

நம் நாட்டிலும் இதற்குச் சாட்சி உண்டு. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டன. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நெட்வொர்க்கைச் சரியாகப் பகுதி பகுதியாகப் பிரிக்காததே தாக்கியவர்கள் உள்ளே பரவக் காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. ஏறக்குறைய இரண்டு வாரம் ஓ.பி. சீட்டிலிருந்து டிஸ்சார்ஜ் வரை பேனாவும் காகிதமுமாக நடந்தது. ஆனால் பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால், இ-ஹாஸ்பிட்டல் தரவு முழுவதையும் புதிய சர்வர்களில் மீட்க முடிந்தது.

சரி, உங்கள் திரையில் சிவப்பு எரிகிறது. என்ன செய்வது?

முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அணைத்து அணைத்துப் போடத்தான் மனசு சொல்லும். அது கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் நோடுகளையும் வி.எம்.களையும் ஓடவிடுங்கள். ஏற்கெனவே டிக்கெட் வாங்கியவர்கள் அது தீரும்வரை வேலை செய்துகொண்டிருக்கலாம். ரீஸ்டார்ட் செய்தால் அந்த அவகாசமும் போய்விடும். இதற்கு விதிவிலக்கு ஒன்று: காரணம் வைரஸ் என்று சந்தேகம் இருந்தால் யோசிக்காமல் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள்.

அடுத்து, நோடுக்குள் எந்தக் கணக்கில் நுழையப் போகிறீர்கள்? ஒவ்வொரு நோடிலும் லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு உண்டு. அதன் பாஸ்வேர்டு யாரிடமாவது காகிதத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால், அந்த நோடில் முன்பு லாகின் செய்த டொமைன் கணக்கை முயலுங்கள். கடைசியாக நுழைந்த பத்துப் பேரின் விவரத்தை விண்டோஸ் வழக்கமாக நினைவில் வைத்திருக்கும். அமைப்பை மாற்றாமல் இருந்தால் டி.சி. இல்லாமலும் அது கதவைத் திறக்கும். நோடின் கடிகாரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். டி.சி.க்கும் மற்ற மெஷினுக்கும் நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் தவறினால் கெர்பரோஸ் டிக்கெட் கொடுக்காது. டி.சி. போய்விட்டது என்று அலறிய சில இடங்களில் உண்மையில் போனது சரியான நேரம் மட்டும்தான்.

இனி கேள்வி ஒன்றே: வேறு டி.சி. உயிரோடு இருக்கிறதா?

இருந்தால் நிலைமை லேசானது. இறந்த டி.சி.யைப் பேக்கப்பிலிருந்து எழுப்ப முயலாதீர்கள், தேவையில்லை. ஆக்டிவ் டைரக்டரியில் ஒரே டி.சி. மட்டும் ஏற்றிருக்கும் ஐந்து பொறுப்புகள் உண்டு. அவை இறந்ததிடம் இருந்திருந்தால், உயிரோடு இருப்பதற்கு வலுக்கட்டாயமாக மாற்றுங்கள். இறந்ததன் பெயரைப் பதிவேட்டிலிருந்து துடையுங்கள். நோடுகளின் டி.என்.எஸ். அமைப்பில் உயிருள்ள டி.சி.யின் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். பலமுறை இது ஒன்றே கோளாறாக இருக்கும். பிறகு புதிதாக ஒரு சர்வரை டி.சி. ஆக்குங்கள், ரெப்ளிகேஷன் அதை நிரப்பிவிடும். ஒருமுறை இப்படி வலுவில் பொறுப்பை மாற்றிவிட்டால், பழைய டி.சி. தானாகச் சரியாகி எழுந்தாலும் அதை நெட்வொர்க்கில் விடக்கூடாது. மெய்நிகர் டி.சி.யின் பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது முன்பு ஒரு நேரத்தில் பதிவான அதன் நிலைக்கு, திரும்பும் ஆசையும் வேண்டாம். தான் பின்னோக்கிப் போனது அதற்கே தெரியாமல், மற்ற டி.சி.களோடு கணக்கு ஒத்துப்போகாமல் நிற்கும். 2012 பதிப்பிலிருந்து இதற்கு ஒரு பாதுகாப்பு வந்திருக்கிறது என்றாலும், அதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

டி.சி. சாகவில்லை, எழாத கிளஸ்டருக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றால் செய்ய வேண்டியது வேறு. ஒரு நோடைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இது முக்கியம்: கிளஸ்டர் சர்வீஸின் காவல் இல்லாமல் இரண்டு நோடுகள் ஒரே டிஸ்க்கில் எழுதினால் டிஸ்க்கே நாசமாகும். மிஞ்சிய ஒரே நோடில் அந்தப் பொது டிஸ்க்கைத் திறந்து, டி.சி.யின் மெய்நிகர் டிஸ்க் ஃபைலை நோடின் சொந்த டிஸ்க்குக்கு நகலெடுங்கள். கிளஸ்டருக்கு வெளியே, வி.எம்.களை ஓட்டும் ஹைப்பர்-வி மென்பொருளில் சாதாரண வி.எம். ஆக அதை எழுப்புங்கள். அது எழுந்து லாகின் ஏற்கத் தொடங்கியதும் மற்ற நோடுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவரலாம். அதற்கு முன் மூல ஃபைலை மறுபடி எழுப்பாதபடி பெயர் மாற்றி வையுங்கள். நகலும் மூலமும் ஒரே நேரத்தில் எழுந்தால் ஒரே டி.சி. இரண்டாக நிற்கும்.

எல்லா டி.சி.யும் போய், பேக்கப் மட்டும் இருந்தால் பெரிய வேலை. இதில் அவசரம் ஆகாது. நெட்வொர்க்கிலிருந்து முழுக்கத் துண்டித்த இடத்தில், ஒரே ஒரு டி.சி.யை மட்டும் மீட்க வேண்டும். பேக்கப் 180 நாளுக்கு மேல் பழையது என்றால் வழக்கமான அமைப்பில் ஆக்டிவ் டைரக்டரி அதை ஏற்காது. மீட்பு நிலையில் எழுப்ப டி.எஸ்.ஆர்.எம். பாஸ்வேர்டு கேட்கும். அந்த சர்வரை முதன்முதலில் டி.சி. ஆக்கியபோது யாரோ அடித்துவிட்டுப் போன பாஸ்வேர்டு அது. பல நிறுவனங்களில் அதை அடித்தவர் வேலையை விட்டே போயிருப்பார். இன்று எல்லாம் நன்றாக ஓடும்போதே அதைப் புதிதாக மாற்றி எழுதி வையுங்கள். மாற்றுவது சில நிமிட வேலை.

மீட்ட டி.சி.யில் இருக்கும் பதிவுகளையே மூலமாக எடுத்துக்கொள்ளும்படி சிஸ்வால் என்ற கோப்புறையை அமைக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால், வராத இன்னொரு டி.சி.க்காக இது காத்துக்கொண்டே நிற்கும். அந்த ஐந்து பொறுப்புகளையும் இதற்குக் கொடுங்கள். மற்ற டி.சி.களின் பெயர்களைத் துடையுங்கள். புதுக் கணக்குகளுக்கு எண் வழங்கும் தொகுப்பை 1,00,000 உயர்த்துங்கள். பேக்கப்புக்குப் பிறகு கொடுக்கப்பட்ட எண்ணையே இன்னொருவருக்கும் கொடுத்துவிடாமல் இருக்க மைக்ரோசாஃப்ட் சொல்லும் அளவு அது. மற்ற டி.சி.களைப் பேக்கப்பிலிருந்து மீட்காமல், இதிலிருந்து புதிதாக வளர்த்தெடுப்பதுதான் சுத்தம்.

இவ்வளவு ஆனதும் கிளஸ்டர் தானாகச் சரியாகும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். விண்டோஸ் மெஷின்கள் 30 நாளுக்கு ஒருமுறை தங்கள் பாஸ்வேர்டைத் தாங்களே மாற்றிக்கொள்ளும். பேக்கப் எவ்வளவு பழையதோ, அவ்வளவு மெஷின்கள் டி.சி.யின் கணக்கோடு பொருந்தாமல் நிற்கும். டொமைனோடு நம்பிக்கை உறவு முறிந்தது என்று திரையில் வரும். அந்த நோடை டொமைனிலிருந்து விலக்கித் திரும்பச் சேர்க்கும் பழைய வைத்தியத்துக்குக் கிளஸ்டரில் போகாதீர்கள். நோடின் லோக்கல் கணக்கில் நுழைந்து, பவர்ஷெல்லில் பாதுகாப்பு இணைப்பைச் சரிசெய்யும் கட்டளையைக் கொடுத்தால் போதும். நோடு கிளஸ்டரை விட்டு விலகாமலே உறவு திரும்பும். கிளஸ்டரின் பெயருக்கான கணக்கும் இப்படியே முறிந்திருக்கும். ஃபெயில்ஓவர் கிளஸ்டர் மேனேஜரில் அந்தப் பெயரை ஆஃப்லைன் ஆக்கி, ரிப்பேர் என்ற தேர்வைக் கொடுத்தால், பாஸ்வேர்டு இரு பக்கமும் மறுபடி ஒன்றாகும். கணக்கே அழிந்திருந்தால், ஆக்டிவ் டைரக்டரியின் ரீசைக்கிள் பின்னில் தேடுங்கள். விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 முதல் அது உண்டு, ஆனால் முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால்தான் உதவும். கணக்கை மீட்ட பிறகு அதே ரிப்பேர்.

பேக்கப்பும் இல்லை என்ற இடத்துக்கு வந்துவிட்டோம் என்றால், கைவிடுவதற்கு முன் கானாவை நினைத்துப் பாருங்கள். கிளை அலுவலகத்தில் யாரும் பயன்படுத்தாமல் அணைத்துப் போட்ட டி.சி. இருக்கிறதா? புது மெஷின் வந்தபோது கழற்றி அலமாரியில் வைத்த டிஸ்க்? சோதனைக்காக யாரோ எடுத்த வி.எம். நகல்? கிடைத்தால், நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும். இறந்த டி.சி.யின் டிஸ்க்கை ஃபார்மட் செய்யாதீர்கள். டேட்டா மீட்பவர்கள் அதிலிருந்து பதிவேட்டு ஃபைலை எடுக்கும் வாய்ப்பு இருக்கிறது.

எங்கும் எதுவும் கிடைக்கவில்லையென்றால் புது டொமைன்தான். பழைய பெயரையே வைத்தாலும் அது வேறு டொமைன்; உள்ளே இருக்கும் அடையாள எண்கள் ஒன்றும் பழையதோடு சேராது. ஒவ்வொரு ஊழியருக்கும் புதுக் கணக்கு, ஒவ்வொரு கம்ப்யூட்டரும் புதிதாகச் சேர வேண்டும். விண்டோஸ் சர்வர் 2019 முதல், கிளஸ்டரைக் கலைக்காமலே ஒரு டொமைனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வழி இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் கிளஸ்டரைக் கலைத்துத் திரும்பக் கட்டுவதுதான். இந்தக் கட்டத்தில் பயந்து யாராவது பொது டிஸ்க்கையும் சேர்த்து அழித்துவிடக் கூடும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: கிளஸ்டர் கலைந்தாலும் டிஸ்க்கில் உள்ள வி.எம். ஃபைல்கள் அப்படியே இருக்கும். புதுக் கிளஸ்டரில் அதே டிஸ்க்கைச் சேர்த்து, வி.எம்.களை இம்போர்ட் செய்துகொள்ளலாம். ஃபைல் சர்வரில் மட்டும் பொறுமை வேண்டும். ஒவ்வொரு கோப்புறையின் அனுமதிப் பட்டியலிலும் பழைய டொமைனின் எண்கள், பெயர் தெரியாத நீண்ட எண்களாகக் கிடக்கும். எந்தக் கோப்புறை யாருக்கு என்று கணக்குப் பிரிவிலும் கிடங்கிலும் இருப்பவர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் திரும்ப எழுத வேண்டும். அந்த வேலைக்கு வாரங்கள் ஆகும்.

காரணம் வைரஸோ திருட்டோ என்றால், எழுப்பிய பிறகும் ஒரு வேலை பாக்கி. கெர்பரோஸ் டிக்கெட்டுகள் எல்லாம் கே-ஆர்-பி-டி-ஜி-டி என்ற ஒரே கணக்கின் சாவியால் முத்திரை இடப்படுகின்றன. அந்தச் சாவி திருடனிடம் இருந்தால், அவன் தனக்கு வேண்டிய டிக்கெட்டைத் தானே எழுதிக்கொள்வான். எனவே அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், அதுவும் இரண்டு முறை. டைரக்டரி இப்போதைய சாவியோடு முந்தைய சாவியையும் வைத்திருக்கும். ஒருமுறை மட்டும் மாற்றினால் திருடனின் சாவி இன்னும் செல்லும். முதல் மாற்றத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவே பத்து மணி நேரமாவது விடுங்கள், பழைய டிக்கெட்டுகள் தீர்ந்துபோகட்டும். அந்த இடைவெளியில், கிளஸ்டருக்கு வெளியே ஒரு தனி மெஷினில் இரண்டாவது டி.சி.யை நிறுவி, ரெப்ளிகேஷன் முடிந்ததா என்று பார்த்து, அன்றைய முதல் பேக்கப்பை எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடலாம்.